செய்யாத வேலைக்கு நன்றி சொன்ன டீச்சர்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவனும் வந்து அது தன்னுடைய வேலை என்று சொல்லக் கூடாது.

நற்பிட்டிமுனைப் பக்கம் வயலுக்குப் போகிற வழியில் ஒரு அரிசி ஆலை. அதன் மெஷினைப் பார்த்தவர்கள் எல்லாரும் "இது பழைய இரும்புக்காரனுக்கு விக்கிற சாமான்" என்றார்கள். இன்றைக்கும் குத்துகிறது. கல்முனை பசாரில் மூன்று மாடி ஹாட்வெயார் கடை. அந்தக் காணியில் தண்ணீர் நிற்கும், மூன்றாவது மாடி போட்டால் கட்டடம் இறங்கிவிடும் என்று ஒரு இஞ்சினியர் சொன்னார். கட்டடம் இறங்கவில்லை. இஞ்சினியர்தான் ஊரை விட்டுப் போனார். எங்கட வழக்கப்படி நாலு பெண் பிள்ளைகளுக்கு நாலு வீடு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு அறை கூட. அதனால் மூத்த மகள் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. பள்ளிவாசலுக்கு மினாரா. கடல் வந்து ஊரை வழித்துக்கொண்டு போன பிறகு தெருத்தெருவாக வீடுகள். வாய்க்காலுக்கு மேலே ஒரு பாலம். மாடு போவதற்கென்றுதான் கட்டினேன், இப்போது பஸ் போகிறது.

இதையெல்லாம் மூன்றாம் வகுப்புப் படித்தவன் கட்டினான். அந்த மூன்றாம் வகுப்பிலும் மாரி காலத்தில் பள்ளிக்கூடம் போகவில்லை. மேசன்மாருக்குக் கல்லுத் தூக்கிக் கொடுத்துத் தொடங்கிய ஆள் நான்.

இவை எல்லாம் நானே யோசித்து நானே கட்டியவை. நான் யோசிக்காமல், எனக்குத் தெரியாமல், நன்றியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கட்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கட்டவைத்த டீச்சரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், விழா மலரில் போடுவோம் என்று எங்கட பிரதேச சபைக்காரர் கேட்டிருக்கிறார்கள். டீச்சர் ஒரு பக்கத்துக்குள் அடங்குவார். நான் அடங்க மாட்டேன். ஆகவே கொஞ்சம் நீளும். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்தட்டும். மேலே சொன்ன கட்டடங்களில் மட்டும் கை வைக்கக் கூடாது.

டீச்சருக்குச் சொந்த ஊர் பாண்டிருப்பு. எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பின்பக்கத்து அறையொன்றில், விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். பஸ்ஸில் வருவார். ஆள் கட்டை, குடை மட்டும் நீளம். ஆண்கள் பிடிக்கிற கறுப்புக் குடை அது. வெயிலுக்கும் விரிக்க மாட்டார், மழைக்கும் விரிக்க மாட்டார், கதவு தட்டத்தான் வைத்திருந்தார். கழுத்துச் சங்கிலியில் துணி குத்துகிற சட்டைப் பின்கள் ஒரு கொத்துத் தொங்கும். பிள்ளையின் கிழிந்த சட்டையும் அந்தப் பின்னில்தான் நிற்கும், வகுப்பறை யன்னல் சீலையும் அந்தப் பின்னில்தான் நிற்கும். ஒரு விழாவில் சபைத் தவிசாளருக்குப் போட்ட மாலை அறுந்தபோது, அதையும் அவர் சட்டையோடு சேர்த்துக் குத்தி நிறுத்தியவர். கையில் எப்போதும் ஒரு சொப்பின் பேக், அதற்குள் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல்.

முதல் நாள் என் கடைக்கு வந்து, மேசையில் ஒரு துண்டுத் தொதலை வைத்தார். மரியாதைக்கு நான் எடுத்து வாயில் போட்டேன்.

"ஹாஜியார், சபை வாசல்ல நீங்க போட்டுத் தந்த சாய்வுப் பாதைக்குப் பெரிய நன்றி. பிள்ளைகளிட உம்மாமார் எல்லாரும் உங்களுக்குத்தான் துஆக் கேக்கிறாங்க."

"எந்தச் சாய்வுப் பாதை டீச்சர்? நான் அங்க ஒண்டும் போடல்லயே."

"ஓம். இன்னும் போடல்ல."

"அப்ப என்னத்துக்கு நன்றி?"

"போடுவீங்கதானே."

இன்னொன்று. அந்த நேரம் நான் ஹாஜியாரும் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகவேயில்லை.

"டீச்சர், நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல" என்றேன்.

"ஓம், அதுவும் தெரியும்" என்று சொல்லிப்போட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையில் நின்ற வேலையாட்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவர்களும் ஹாஜியார் என்றார்கள். மறுகா தெருவே ஹாஜியார் என்றது. ஹஜ்ஜுக்குப் போகிற நிய்யத் எனக்கு முதலே இருந்தது, அல்லாஹ் அறிவான். ஆனாலும் ஊர் முழுக்க அப்படிக் கூப்பிடும்போது போகாமல் இருப்பது எப்படி? அடுத்த முறை பெயர் கொடுத்துப் போய்வந்தேன். போய்வந்து ஸம்ஸம் தண்ணீரும் ஈத்தம்பழமும் டீச்சருக்குக் கொடுத்தனுப்பினேன். "வந்திட்டாரா? நல்லது" என்று மட்டும் சொன்னாராம்.

சாய்வுப் பாதை ஏன் வேண்டும் என்றால், மாதத்தில் ஒரு நாள் சபை மண்டபத்துக்கு வைத்தியர் ஒருவர் வந்து இந்தப் பிள்ளைகளைப் பார்ப்பார். நல்ல ஏற்பாடு, சபை செய்தது. ஆனால் சபை வாசலில் உயரமான படிகள். மீன்காரர் ஒருவரின் மகள் சுமையாவுக்கு நடக்க முடியாது. அவளுக்குப் பதினொரு வயசு. அவளுடைய உம்மா இடுப்பில் வைத்துத்தான் அந்தப் படிகளில் ஏறுவா. சக்கர நாற்காலி கீழே நிற்கும், பிள்ளை மேலே போகும்.

சாய்வுப் பாதை எனக்குத் தெரியாத வேலை இல்லை. என் ஆலையிலேயே ஒன்று இருக்கிறது. நெல்லு மூடையை மேலே வைத்துத் தட்டிவிட்டால் போதும், தானாக வழுக்கி லொறிக்குள் போய் விழும். இந்தக் கரையில் அதைப் போல இன்னொன்று கிடையாது. அதே சாய்வு, அதே வழவழப்பு, சபை வாசலில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சதமும் கேட்கவில்லை.

திறக்கிற அன்று சபைக்காரர் எல்லாரும் நின்றார்கள். சுமையா கீழே நாற்காலியில் இருந்துகொண்டு சாய்வை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூத்தப்பா, நீங்க முதல் போங்க."

பிள்ளை ஆசையாகக் கேட்டால் மறுக்கலாமா? அவளை உம்மாவின் மடியில் இருத்திவிட்டு நான் நாற்காலியில் ஏறினேன். என் வேலையாட்கள் பின்னால் நின்று மூச்சு வாங்கத் தள்ளி மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேலே நின்று நான் கையை உயர்த்தி எல்லாருக்கும் சலாம் சொன்னேன். போட்டோவில் தாங்கள் மறைக்கக் கூடாது என்று வேலையாட்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள்.

நாற்காலி நெல்லு மூடை மாதிரியே நடந்துகொண்டது. சலாம் சொன்ன கை இறங்கவில்லை, அதற்குள் சபைக் கேட்டைத் தாண்டிவிட்டேன். ரோட்டில் வந்த பஸ்ஸில் கொண்டக்டர் தொங்கிக்கொண்டு, "ஹாஜியார் போறார், பிறேக்க அடி!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர்க்காரன் குவித்து வைத்திருந்த குவியலில் போய் ஏறி நின்றேன். இளநீர் நாலு பக்கமும் உருண்டது. அவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஹாஜியார், வெட்டித் தரவா? இல்ல, வந்த மாதிரியே கிறுகிப் போறீங்களா?"

அந்தப் பக்கம் சபை வாசலில் இருந்து டீச்சரின் சத்தம் வந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது.

"ஹாஜியார்! ரெண்டாவதாப் போடப்போற சாய்வுப் பாதைக்குப் பெரிய நன்றி!"

என் சாய்வில் பிழை இல்லை. இன்றைக்கும் சொல்வேன். நெல்லுக்கு அதைவிடச் சரியான சாய்வு கிடையாது. மனிசருக்கு வேறு சாய்வு வேண்டுமென்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மறுகா அதை உடைத்து, சுவரோடு நீளமாகக் கொண்டுபோய், ஒரு வளைவு கொடுத்து, கைபிடி வைத்து, வழுக்காமல் சொரசொரப்பாகப் போட்டேன். சுமையா தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள். அவளுடைய உம்மா இடுப்பில் பிள்ளை இல்லாமல் பின்னால் ஏறினா. மேலே போனதும் சுமையா திரும்பி, "மூத்தப்பா, இது சுகமா இருக்கு. ஆனா முந்தினதுதான் பாக்க நல்லா இருந்திச்சு" என்றாள்.

டீச்சர் என்ன சொன்னார்? ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலியிலிருந்து ஒரு பின்னைக் கழற்றி யாருக்கோ எதையோ குத்திக்கொண்டு நின்றார்.

ஊரில் என்னைப் போல மாட்டுப்பட்டவர்கள் நிறைய. பஸ் கொண்டக்டருக்கு, பள்ளிக்கூட வாசலில் பஸ்ஸை நிறுத்தியதற்கு நன்றி சொன்னார். அவன் அங்கே நிறுத்துகிறவனே இல்லை. இப்போது எல்லா பஸ்ஸும் நிற்கிறது. தையல்காரருக்கு, பொத்தான் பூட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பொத்தான் இல்லாத சட்டை தைத்ததற்கு நன்றி. டீச்சர் வருகிற நேரம் தெரிந்தால் பசாரில் சிலர் பின்பக்கத்தால் போய்விடுவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருநாள் குடையைக் கண்டதும் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டார். டீச்சர் கடைக்குள் வந்து, ஒருவரையும் காணாமல், மேசையைப் பார்த்து நன்றி சொல்லிப்போட்டு, மேசையில் தொதலை வைத்துவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தபோது அவரும் மாட்டுப்பட்டிருந்தார்.

ஏன் ஒருவராலும் தப்ப முடியவில்லை? இதை எனக்கு விளங்கப்படுத்தியது என் வீட்டுக்காரி.

எங்களோடு இருக்கிற என் இளைய மகளின் பிள்ளை ஹனா. வாய் திறந்து கதைக்க மாட்டாள். சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாள். ஆனால் என் கடையில் டைல்ஸ் பெட்டியைப் பிரித்துக் கொடுத்தால், ஒரு மயிரிழை பிசகாமல் நிறம் பார்த்து அடுக்குவாள். என் இரத்தம், வேறென்ன. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வோம், பள்ளிக்கூடம் என்னத்துக்கு என்று நான் இருந்தேன். நானே படித்தா ஆள் ஆனேன்?

ஒருநாள் வீட்டுக்குப் போனால் மேசையில் தொதல் இருந்தது.

"டீச்சர் வந்தாவா?" என்றேன்.

"வந்தா. ஹனாவ அனுப்பினதுக்கு நன்றி உம்மா எண்டு சென்னா."

"நாம அனுப்பல்லயே!"

"அது எனக்கும் தெரியும் இஞ்சாருங்க. ஆனா நன்றிய வாங்கிட்டன். ஒருத்தர் கையில தந்த நன்றி, நம்பி ஒப்படைச்ச அமானிதம் மாதிரி. அதுக்குரிய வேலயச் செய்யாம வெச்சிருந்தா மறுமையில ஆரு பதில் செல்ற? நீங்களா?"

சாய்வுப் பாதைக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அடுத்த நாள் ஹனா போனாள்.

அங்கே போன பிறகுதான் இந்தப் பழக்கத்தை டீச்சர் பெரிய ஆட்களுக்காக உண்டாக்கவில்லை என்று கண்டேன். பிள்ளைகளுக்கும் அதே மருந்துதான். "சுமையா, படத்துக்கு நிறம் தீட்டினதுக்கு நன்றி." சுமையா இன்னும் பென்சிலைத் தொட்டிருக்க மாட்டாள், சிரித்துக்கொண்டே எடுப்பாள். ஹனாவிடம் இது பலிக்கவில்லை. ஹனா சப்பாத்துப் போட மாட்டாள். காலில் மாட்டினால் கழற்றி எறிவாள். டீச்சர் காலையில் வாசலில் நின்று, "ஹனா, சப்பாத்துப் போட்டு வந்ததுக்கு நன்றி" என்பார். வெறுங்காலோடு உள்ளே போவாள். அடுத்த நாளும் நன்றி. அடுத்த நாளும் வெறுங்கால். ஒரு வருடம் போய்விட்டது.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்தான். "டீச்சர், உங்கட நன்றி இவளிட்டச் செல்லாது. இவ என்ட பேத்தி" என்றேன்.

"பாப்பம் ஹாஜியார்" என்றார்.

ஒருநாள் காலையில் கடைக்குப் புறப்பட்டால், என் சப்பாத்தைக் காணவில்லை. கூட்டங்களுக்குப் போடுகிற கறுத்தத் தோல் சப்பாத்து. தெருவில் டொக்கு டொக்கு என்று சத்தம். பார்த்தால் ஹனா அதற்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு, தோணி தள்ளுகிற மாதிரி பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போகிறாள். நான் வெறுங்காலோடு பின்னால் போனேன். தெருவே பார்த்தது. மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்து, "ஹாஜியார், இப்ப உங்களுக்கு ஆரு சப்பாத்துப் போட்டுப் பழக்கிற?" என்று கேட்டார்.

வாசலில் டீச்சர் ஹனாவின் காலைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார்.

"ஹனா," என்றார், "நாளைக்கு உன்ட சப்பாத்தப் போட்டு வந்ததுக்கு நன்றி."

போட்டு வந்தாள். அன்றைக்கு நான் கடையைத் திறக்க மறந்துவிட்டேன். அப்படி எனக்கு அதற்கு முன் நடந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்த அறைக்கு ஆபத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், அடுத்த தவணையில் இருந்து அந்த அறை சாதாரணதரப் பரீட்சை வகுப்புக்கு வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அறை போனால் ஹனா, சுமையா எல்லாரும் வீட்டில்தான். இந்தப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. சபையிடம் ஒரு கட்டடம் இருந்தது, பழைய வாசிகசாலை. பெரிய மண்டபம், நல்ல காற்று, பக்கத்தில் குழாய்த் தண்ணீர். ஆனால் தவிசாளர் அதைத் தனக்காகத் தேர்தலில் ஓடித்திரிந்த இளந்தாரிகளுக்கு உடற்பயிற்சி நிலையம் போடத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இரும்புக் குண்டுகளும் ஓடாத சைக்கிளும் உள்ளே வந்து இறங்கியும்விட்டன.

தவிசாளர் ஏமாளி இல்லை. டீச்சரின் வித்தை அவருக்கு நன்றாகத் தெரியும். நன்றியை வாங்கினால்தானே ஆபத்து? ஆகவே வாங்காமல் இருந்தார். குடையோடு வருகிற ஒருவரையும் உள்ளே விடாதே என்று வாசலில் நிற்கிற பியோனுக்குச் சொல்லிவைத்தார். மழைக்காலத்தில் குடையோடு வரி கட்ட வந்த ஊர்ச்சனமெல்லாம் கட்டாமலே திரும்பிப் போனது. ஒருநாள் டீச்சர் அவரை ரோட்டில் மறித்தபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "டீச்சர், என்ன வேணுமெண்டாலும் ஏசுங்க. நன்றி மட்டும் சொல்லாதீங்க!" என்று ஓடிப்போய் வாகனத்தில் ஏறிவிட்டார்.

அன்றைக்குப் பின்னேரம் டீச்சர் என் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. அப்படி நான் அவரைக் கண்டதில்லை.

"ஹாஜியார், தவிசாளர் என்ன நன்றி சொல்ல விடுறாரில்ல. தவணையும் முடியப் போகுது."

பின்னால் ஹனா டைல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க பள்ளிவாசல்ல மரைக்கார்தானே," என்றார். ஓம், எங்கட குடிக்கு நான்தான் மரைக்கார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் என் சொல்லுக்கு ஒரு இடம் உண்டு. "வெள்ளிக்கிழமை துஆவில ஒருக்கா நன்றி சொல்லலாமா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆருக்கு?"

"கடவுளுக்குத்தான். தவிசாளருக்கு நல்ல மனசு குடுத்ததுக்கு."

"டீச்சர், என்ன கதைக்கிறீங்க? அவன் தரமாட்டன் எண்டெல்லோ நிக்கிறான். நல்ல மனசு எங்க இருக்கு?"

"ஓம்," என்றார். "இன்னும் வரல்ல."

யோசனை டீச்சருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நடத்திக் காட்டியது யார்? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னம் மௌலவியிடம் போய் நின்றவன் நான்.

"கட்டடம் கிடைச்சிட்டா மரைக்கார்?" என்று மௌலவி கேட்டார்.

"மௌலவி, கட்டடத்தக் குடுக்கிறது மனிசன். மனசக் குடுக்கிறது அல்லாஹ். நீங்க மனசுக்கு மட்டும் புகழச் சொல்லுங்க. கட்டடத்த நாங்க பாத்துக்கிறம்."

மௌலவி தாடியைத் தடவினார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன். அவருடைய சகோதரியின் பிள்ளையும் அந்த வகுப்பில்தான் இருந்தது.

தவிசாளர் எப்போதும் முதல் வரிசையில்தான் இருப்பார். தொழுகை முடிந்தது. மௌலவி கையை ஏந்தினார். மழைக்குக் கேட்டார், விளைச்சலுக்குக் கேட்டார், கடலுக்குப் போனவர்களுக்குக் கேட்டார். பிறகு, "யா அல்லாஹ், எங்கட விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பழைய வாசிகசாலைய ஒப்படைக்க, எங்கட தவிசாளரிட உள்ளத்தத் திறக்கிறவனே, உனக்கே எல்லாப் புகழும். அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் பரக்கத்தச் சொரிவாயாக" என்றார்.

"ஆமீன்!" பள்ளிவாசலே அதிர்ந்தது. எல்லாரையும் விடப் பலமாக ஆமீன் சொன்னவர் தவிசாளர். கண்ணை மூடிக்கொண்டு இருந்ததால் தவிசாளர் என்பதும் பரக்கத் என்பதும் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கண் திறந்தது. கொஞ்சம் கழித்து மற்றக் கண்ணும் திறந்தது. ஏந்திய கை அப்படியே நின்றது.

எழும்புவதற்குள் சனம் சூழ்ந்துவிட்டது. ஸலாம் சொல்கிறவர், கட்டிப்பிடிக்கிறவர், மாஷா அல்லாஹ் என்கிறவர். கடைசியாக சுமையாவின் வாப்பா, அந்த மீன்காரர், வந்தார். தவிசாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். விடவில்லை. தவிசாளர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், அந்த மனிசனின் முகத்தைப் பார்த்தார், மூடிவிட்டார்.

வெளியே செருப்புப் போடுகிற இடத்தில் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ஹாஜியார், இது ஆர்ட வேல?"

"அல்லாஹ்ட வேல, தவிசாளர்."

"பின்னேரம் பொடியன்மார் வந்து என்ன முறிப்பானுகள்."

"ஆமீன் சென்னீங்கதானே. செல்லாம இருந்திருக்கலாம்."

பொடியன்மார் வந்தார்கள்தான். சபை வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். தவிசாளர் யன்னலால் தலையை நீட்டி, "நான் ஆமீன் செல்லிட்டன்டா! ஊரே கேட்டிச்சு! இனி என்ன செய்யச் செல்ற?" என்றார். அவர்களும் அன்றைக்குப் பள்ளிவாசலில் ஆமீன் சொன்னவர்கள்தானே.

மறுநாள் இரும்புக் குண்டுகளைக் காவல் காப்பது போல அவர்கள் வாசிகசாலை வாசலில் நின்றபோது டீச்சர் பேக்கோடு போனார். சாமான்களை வெளியே தூக்கி வைத்ததற்கும், சுவருக்கு வெள்ளை அடித்ததற்கும், அந்த ஓடாத சைக்கிளைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போனதற்கும் நன்றி சொன்னார். அவர்களில் பெரிய புஜக்காரன் தொதலைக் கடித்துக்கொண்டே, "டேய், இவ என்னடா சொல்றா?" என்று கேட்டான். பின்னேரம் அவன்தான் தூரிகையோடு ஏணியில் நின்றான். வெள்ளை என் கடையிலிருந்து போனது. ஏணியும் என்னுடையது.

அந்தச் சைக்கிளில் ஹனா ஏறி மிதித்தால், காதைப் பொத்துவதை மறந்துவிடுகிறாள். இப்போதும் அங்கேதான் நிற்கிறது.

திறப்பு விழாவுக்குக் கல்லு வைத்தார்கள். தவிசாளர் பெயர், உப தவிசாளர் பெயர், செயலாளர் பெயர், உறுப்பினர்மார் பெயர். அந்த நேரம் வெளிநாட்டில் இருந்த உறுப்பினருக்கும் ஒரு வரி கிடைத்தது. கல்லைச் சுவரில் பதித்தது யார்? நான். என் கையால், மட்டம் பார்த்து. கடைசி வரியில் டீச்சரின் பெயரைப் போட இடம் விட்டிருந்தார்கள். டீச்சர் வேண்டாம் என்றார்.

"கல்லுல பேர் போட்டா வேல முடிஞ்சு போச்சு எண்டு நினைச்சிருவம். எனக்கு இன்னும் கிடக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நாள் போகவில்லை. டீச்சருக்கு அட்டாளைச்சேனைப் பக்கம் மாற்றம் வந்தது. புதிய ஆசிரியர்களுக்கு இந்தப் பிள்ளைகளைப் பற்றிப் படிப்பிக்கிற வேலை. போகிற அன்று கடைக்கு வந்தார். குடை இருந்தது, சொப்பின் பேக் இல்லை. நான் நாற்காலி கொடுத்தேன். காத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன டீச்சர், இந்த முறை என்னத்துக்கு நன்றி? செல்லுங்க, செஞ்சு போடுறன்."

"ஒண்டுமில்ல ஹாஜியார். சும்மாதான் பாத்திட்டுப் போக வந்தன்."

"அப்ப சாய்வுப் பாதைக்கு? ஜும்ஆவுக்கு? வெள்ளைக்கு? ஏணிக்கு?"

டீச்சர் சிரித்தார். முழுப் பல்லும் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அதுக்கெல்லாம் முதலே சொல்லிட்டன்தானே."

சொல்லிப்போட்டுப் போய்விட்டார். குடையை விரிக்கவேயில்லை, நல்ல வெயில். ஹனா வாசல் வரைக்கும் போய், தன் சப்பாத்தோடு நின்று பார்த்தாள்.

இங்கேதான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. ஆற அமர யோசித்துப் பார்த்தேன். டீச்சர் செய்வதற்கு முன்னம் நன்றி சொல்வார். செய்து முடித்த பிறகு சொல்லவே மாட்டார். சபையோ, செய்வதற்கு முன்னமும் சொல்லவில்லை, செய்த பிறகும் சொல்லவில்லை. அப்படியென்றால் எனக்கு முறையாக, வேலை முடிந்த பிறகு, நாலு பேர் பார்க்க வரவேண்டிய நன்றி எங்கே? ஒருவரிடமும் இல்லை.

வாசிகசாலைக்கு இப்போது இன்னொரு அறை கூட்டுகிறார்கள். பிள்ளைகள் கூடிவிட்டார்கள், பொத்துவில் பக்கமிருந்தும் வருகிறார்கள். புதிய அறைக்குப் புதிய கல்லு வருகிறதாம். இரண்டு சாய்வுப் பாதை போட்டவன், மௌலவியிடம் போய் நின்றவன், வெள்ளையும் ஏணியும் கொடுத்தவன், வெறுங்காலோடு தெருவில் நடந்தவன், இத்தனையும் ஒரே ஆள் என்பது அந்தக் கல்லில் வர வேண்டும். முதல் வரியில் வர வேண்டும். தவிசாளரின் எழுத்தைவிடச் சின்ன எழுத்தாக இருக்கக் கூடாது.

டீச்சரின் பெயரை நான் இதில் எங்கேயும் எழுதவில்லை. கல்லிலும் எழுத வேண்டாம். போட வேண்டாம் என்று அவர் சொன்னார், அதை நான் காப்பாற்றுகிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.